புறவாசலில் பறவை பார்க்க, படமெடுக்க: நெல்லைச் சீமைக்கு ஒரு முழு வழிகாட்டி

தானியம் வாங்காதீர்கள். லென்ஸும் வாங்காதீர்கள். முதலில் ஒரு மண்தட்டு வாங்குங்கள்.

புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறார்கள். கேமரா வந்துவிடும், ஐந்து கிலோ கம்பு வந்துவிடும், தட்டை வைத்துவிட்டு மறுநாளே ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவார்கள். நாலு காக்காயும் ஒரு அணிலும் வந்துபோகும். இரண்டே வாரத்தில் ஆர்வம் வடிந்துவிடும். இந்த வேலையில் பாதி, வரிசையைச் சரியாகப் பிடிப்பதுதான்: தண்ணீர், பிறகு பொறுமை, பிறகு இரை, பிறகு கொம்பு, பிறகு மறைவு, கடைசியில் கேமரா. பாளையங்கோட்டை மாடிவீடோ, அம்பாசமுத்திரத்துத் தோப்போ, திசையன்விளைத் தேரிக்காட்டோரமோ, வரிசை ஒன்றுதான். மாறுவது வருகிற பறவைகள் மட்டுமே.

1. கைவசம் இருக்க வேண்டியவை

மண்தட்டு இரண்டு. 35 முதல் 40 செ.மீ. அகலம், விளிம்பு 5 அல்லது 6 செ.மீ. உயரம். செடித்தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டே போதும். காருக்குறிச்சிப் பக்கம் போனால் பெரியதாகக் கிடைக்கும். பளபளப்பாக மெருகு போட்டது வேண்டாம், கால் வழுக்கும். சொரசொரப்பாக இருக்கட்டும்.

கூடவே கூழாங்கற்கள் ஒரு கைப்பிடி, தட்டையான கல் ஒன்று, தேய்க்கத் தேங்காய் நார், ஒரு மண்கலயம் அல்லது 2 லிட்டர் பாட்டில், பனைநார் அல்லது சணல் கயிறு, காய்ந்த பனைமட்டை ஒன்று, சிரட்டை நாலைந்து. ஒரு நோட்டுப் புத்தகம்.

நைலான் நூலும் மீன்பிடி நரம்பும் எதற்கும் பயன்படுத்த வேண்டாம். அறுந்து கிடக்கும் ஒரு முழ நூல் புறாவின் காலில் சுற்றி இறுகினால் விரலே போய்விடும்.

2. இடம் பார்ப்பது

தட்டு வைக்கும் இடத்துக்கு மூன்று கேள்விகள்: பறவை தப்பி ஓட இடம் இருக்கிறதா, பூனை பதுங்க இடம் இல்லாமல் இருக்கிறதா, வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது?

அடர்ந்த செடியோ மரமோ இரண்டு மூன்று மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். கறிவேப்பிலை, மருதாணி, செம்பருத்தி, எதுவானாலும் சரி. வல்லூறு இறங்கினால் சின்னக் குருவி ஓடி நுழைய அந்தத் தூரம் தோதானது. அதைவிட நெருக்கமாகச் செடி இருந்தால் அதே செடிக்குள் பூனை உட்கார்ந்திருக்கும்.

பெரிய கண்ணாடி ஜன்னல் இருக்கும் வீடுகளில் தட்டைக் கண்ணாடியிலிருந்து 1 மீட்டருக்குள் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் 9, 10 மீட்டருக்கு அப்பால். இடைப்பட்ட தூரம்தான் ஆபத்து. மிரண்டு கிளம்பும் பறவை முழு வேகம் எடுத்து, கண்ணாடியில் தெரியும் வானத்தை நிஜ வானமென்று நம்பி மோதும்.

வெளிச்சத்தில் நிறையப் பேர் தவறுகிறார்கள். வெயில் நம் முதுகுக்குப் பின்னாலிருந்து பறவை மேல் விழ வேண்டும் என்று கேள்விப்பட்டு, வீட்டுக்கு மேற்கே தட்டை வைத்துவிட்டு, காலையில் வீட்டுக்குள்ளிருந்து எடுக்கப் பார்ப்பார்கள். கணக்கு சரி. ஆனால் வீட்டு நிழலை மறந்துவிடுகிறார்கள். 4 மீட்டர் உயர வீட்டுக்கு 5 மீட்டர் தள்ளித் தட்டு இருந்தால், வெயில் வீட்டைத் தாண்டித் தட்டில் விழ 8:30 ஆகிவிடும். அதற்குள் நல்ல வெளிச்சம் போய்விடும். கிழக்கு வாசலுக்குச் சாயங்காலம் இதே கதை. அதனால் வீட்டுக்கு வடக்கிலோ தெற்கிலோ வைக்க முடிந்தால் வையுங்கள். காலை, மாலை இரண்டு வேளையும் பக்கவாட்டு வெளிச்சம் கிடைக்கும், இறகின் மடிப்புகள் தெளிவாகத் தெரியும். கிழக்கு, மேற்கு வளவுதான் உண்டென்றால், வீட்டைவிட்டுத் தள்ளித் தனி மறைவு கட்டுவதே வழி.

நிழலைப் பற்றி இன்னொன்று. வடக்குச் சுவரோரம் எப்போதும் நிழல் என்பது நம் ஊருக்குப் பொருந்தாது. சித்திரை பிறக்கும் சமயம் நடுப்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர்மேலே நிற்கும். அதிலிருந்து ஆவணிப் பாதி வரை அது சற்று வடக்கே சாய்ந்தே போகும். வெயில் கொளுத்தும் மாதங்களில் வடக்குச் சுவரடியில் உச்சி வெயில் நேராக விழும். தண்ணீர் வெந்துபோகும். மரநிழல்தான் நம்பத் தகுந்தது.

3. தண்ணீர் வைப்பது

முதல் பத்து நாளைக்குத் தண்ணீர் மட்டும். இரை வேண்டாம். காரணம் இருக்கிறது. தானியம் வைத்தால் தானியம் தின்னும் பறவைகள்தான் வரும். தண்ணீருக்கு எல்லாம் வரும். பூச்சி தின்னும் குண்டுகரிச்சான், தேன் குடிக்கும் தேன்சிட்டு, பழம் தின்னும் கொண்டைக்குருவி, கிளி, கீரிப்பிள்ளை வரைக்கும். வளவில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று தண்ணீரே சொல்லிவிடும்.

புதுத்தட்டை ஒரு ராத்திரி முழுக்க நீரில் ஊறப் போடுங்கள். ஊறாத மண் முதல் நாள் தண்ணீரையெல்லாம் குடித்துவிடும், மத்தியானம் வரும் பறவைக்கு ஒன்றும் மிஞ்சாது.

ஆழம்தான் முக்கியம். விளிம்பில் 2 செ.மீ., நடுவில் 5 செ.மீ. இதற்குமேல் வேண்டாம். பக்கங்களில் கூழாங்கல் பரப்பி, நடுவில் தட்டைக்கல்லைத் தண்ணீருக்குச் சற்று மேலே தெரியும்படி வையுங்கள். தேன்சிட்டும் சில்லையும் அந்தக் கல்லில் நின்று குடிக்கும். தவிட்டுக்குருவிகள் கூட்டமாக இறங்கிக் குளிக்கும்.

ஒரு தட்டு தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில், இன்னொன்று தரையிலேயே நிழலில். உயரத்துத் தட்டுக்குச் சின்னக் குருவிகள் அஞ்சாமல் வரும். தரைத்தட்டு புறாவுக்கும் தவிட்டுக்குருவிக்கும் கீரிக்கும். ஐப்பசிக்கு மேல் வந்து சேரும் ஆறுமணிக்குருவி, சருகைக் கிளறி இரை தேடும் பறவை. அதைப் பார்க்க ஆசைப்பட்டால் தரைத்தட்டைச் சுற்றி விழும் சருகைப் பெருக்கித் தள்ளாதீர்கள்.

பழைய ஆட்டுரல் சும்மா கிடந்தால் நல்ல பீடம். ஆனால் அதன் குழியிலேயே தண்ணீர் ஊற்றி வைக்கும் வழக்கம் நிறைய வீடுகளில் இருக்கிறது. அது வேண்டாம். குழியின் பக்கம் செங்குத்து, தேய்ந்து வழுவழுவென்று இருக்கும். உள்ளே விழுந்த அணில்குட்டி ஏற முடியாமல் மூழ்கிவிடும். குழிமேல் தட்டை வையுங்கள். சிமெண்ட் தொட்டி இருந்தால் உள்ளே ஒரு முரட்டுக் கட்டையைச் சாய்த்து வையுங்கள்.

தினமும் காலையில் பழைய தண்ணீரைக் கொட்டி, தேங்காய் நாரால் பக்கங்களை அழுத்தித் தேய்த்து, புதிது ஊற்ற வேண்டும். கொட்டினால் மட்டும் போதாது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு தண்ணீரில் அல்ல, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரச் சுவரில் முட்டையை ஒட்டும். தேய்க்காவிட்டால் முட்டை அப்படியே இருக்கும், மறுபடி நனைந்ததும் பொரிக்கும். சோப்பு, பாத்திரம் கழுவும் தூள் எதுவும் வேண்டாம். மண் அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

4. சொட்டுக் கலயம்

அக்கினி நட்சத்திரத்தில் சிவன் கோயிலில் லிங்கத்துக்கு மேலே தாராபாத்திரம் கட்டியிருப்பார்களே, அதே வேலைதான். தட்டுக்கு மேலே அரை மீட்டர் உயரத்தில் கலயத்தைத் தொங்கவிட்டு, அடியில் ஊசித்துளை இட்டு, பருத்தித் திரி செருகுங்கள். தேங்கிய தண்ணீரைவிடச் சொட்டும் தண்ணீரைப் பறவைகள் சீக்கிரம் கண்டுபிடிக்கும். நீர்ப்பரப்பு நடுங்குவது தூரத்திலிருந்தே மின்னும், சத்தமும் கேட்கும்.

இரண்டு நொடிக்கு ஒரு சொட்டு போதும். ஏறத்தாழ 20 சொட்டு 1 மில்லி. அப்படியென்றால் மணிக்கு 90 மில்லி. 2 லிட்டர் ஒரு பகல் முழுக்கத் தாராளமாக வரும்.

சொட்டு நின்றுபோக இரண்டே காரணங்கள். பாட்டிலானால் மூடியை இறுக்கி மூடியிருப்பீர்கள். காற்று உள்ளே போகாமல் நீர் இறங்காது, மூடியைத் தளர்த்துங்கள். மற்றது உப்பு. ஆழ்துளைக் கிணற்று நீர் கரிக்கும் ஊர்களில் நாலு நாளில் திரி வெள்ளை பூத்து அடைத்துக்கொள்ளும். குடிதண்ணீரே ஊற்றுங்கள், வாரம் ஒருமுறை திரியை மாற்றுங்கள்.

பதநீர் இறக்கிய பழைய கலயம் கிடைத்தால், உள்ளே சுண்ணாம்பு பூசியிருக்கும். அதை முழுதும் சுரண்டி, மூன்று நாலு முறை ஊறவைத்துக் கழுவிய பிறகே தொங்கவிட வேண்டும்.

5. பத்து நாள் வெறுமனே பார்ப்பது

இந்தப் படியைத் தாண்டிப் போகாதவர்கள் குறைவு. தாண்டினால் பிறகு எல்லாம் ஊகம்தான்.

காலை 6 முதல் 8 வரை, சாயங்காலம் 4:30 முதல் 6 வரை, முடிந்த நேரம் உட்கார்ந்து நோட்டில் எழுதுங்கள். எந்தப் பறவை, எத்தனை மணிக்கு, எந்தப் பக்கத்திலிருந்து, தட்டில் இறங்குமுன் எந்தக் கிளையில் உட்கார்ந்தது. கடைசிக் கேள்விதான் தங்கம். பறவை நேராகத் தட்டில் வந்து விழாது. முதலில் ஓரிடத்தில் உட்கார்ந்து நாலு பக்கமும் பார்க்கும். அந்த இடம் தெரிந்தால் படமெடுக்கும் இடம் தெரிந்ததாக அர்த்தம்.

பொதுவாகக் காக்காயும் மைனாவும் முதலில் வரும். பிறகு தவிட்டுக்குருவிக் கூட்டம். அவை இறங்கிவிட்டால் மற்றவற்றுக்குத் துணிவு வந்துவிடும். வால்காக்கையும் செம்போத்தும் தாமதம். தவிட்டுக்குருவிகள் இறங்காமல் ஒரே இடத்தைச் சுற்றி நின்று விடாமல் கத்தினால், அங்கே பாம்போ பூனையோ இருக்கிறது. சத்தமெல்லாம் சட்டென்று அடங்கி வளவே காலியானால் அண்ணாந்து பாருங்கள், வல்லூறு இருக்கும்.

6. இரை: எது, எவ்வளவு

பதினோராம் நாள் இரை வைக்கலாம். ஒரு கைப்பிடி, சுமார் 50 கிராம். கம்பு, தினை, குருணை, நெல். சில்லைக்குத் தினையும் நெல்லும் பிடிக்கும். சிட்டுக்குருவிக்குக் கம்பும் குருணையும், புள்ளிப்புறாவுக்குக் கம்பும் சோளமும். பச்சரிசி வயிற்றில் ஊதிப் பறவை செத்துவிடும் என்ற பேச்சு உண்மையில்லை. வயலில் அவை தின்பதும் வேகாத நெல்தானே.

பழம் என்றால் பாதி வாழைப்பழம் அல்லது ஒரு கீற்றுப் பப்பாளி. கொய்யாவும் நல்லது. பழத்தைத் தோலோடு கீறி, கொம்பில் குத்தி வைத்தால் கொண்டைக்குருவி, குயில், மைனா, கிளி எல்லாம் வரும். குற்றாலம், பாபநாசம் போன்ற மலையடிவார ஊர்களானால் செம்மீசைச் சின்னானும் வெண்கன்னக் குக்குறுவானும் வர வாய்ப்புண்டு. மத்தியானத்துக்குள் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். நம் வெயிலில் மூன்று மணி நேரத்தில் பழம் புளித்துவிடும், கூடவே குளவியும் வந்துவிடும்.

மிக்சர், முறுக்கு, பிஸ்கட், ரொட்டி, புளியோதரை, பால் எதுவும் வேண்டாம். உப்பும் எண்ணெயும் அவற்றின் சிறிய உடம்புக்குத் தாங்காது. அமாவாசைக்குக் காக்காய்க்குச் சோறு வைக்கும் வீடுகளில் அதை நிறுத்தச் சொல்லவில்லை. உப்புப் போடாத வெறுஞ்சோறாக ஒரு பிடி வைத்து, தின்று முடித்ததும் இடத்தைக் கழுவிவிட்டால் போதும்.

அளவுக்கு ஒரே விதி: வைத்தது இரண்டு மணி நேரத்தில் தீர வேண்டும். மிஞ்சினால் மறுநாள் குறையுங்கள். ராத்திரி தானியம் தரையில் கிடக்கவே கூடாது. தானியத்துக்கு எலி வரும், எலிக்குப் பின்னால் சாரையும் நல்லபாம்பும் வரும். பிள்ளைகள் விளையாடும் புறவாசலில் இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை. சாயங்காலம் 6 மணிக்கு விளக்குமாறு எடுத்துச் சிந்தியதைக் கூட்டிவிடுங்கள்.

மயில் வர ஆரம்பித்தால் தானியத்தை உடனே நிறுத்துங்கள். படம் நன்றாக வரும் என்று ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் உங்கள் தட்டில் கம்பு தின்ற மயில் அடுத்துப் போவது பக்கத்து அண்ணாச்சியின் வெள்ளாமைக்குள்தான். விதைத்ததைக் கிளறினால் அவருக்கு நஷ்டம். அவர் கோபத்தில் எதையாவது வைத்தால் மயிலுக்குச் சாவு. தண்ணீர் மட்டும் இருக்கட்டும்.

தேன்சிட்டுக்குச் சர்க்கரைத் தண்ணீர் வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம் என்பதே எங்கள் முடிவு. இந்தச் சூட்டில் அரைநாளில் நொதித்துவிடும். முருங்கையும் செம்பருத்தியும் இட்லிப்பூவும் நின்றால் அது தானே வரும். காலையில் செம்பருத்தி இலைமேல் தண்ணீர் தெளித்து விடுங்கள். நனைந்த இலையில் உடம்பைத் தேய்த்துக் குளிப்பதைப் பக்கத்திலேயே பார்க்கலாம்.

7. பனைமட்டைத் தட்டு

கடையில் விற்கும் பிளாஸ்டிக் கூண்டைவிடப் பனைமட்டை மேல். காய்ந்த மட்டையின் உட்பக்கம் இயற்கையாகவே குழிந்து வாய்க்கால்போல் இருக்கும். 60 செ.மீ. நீளத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். இரண்டு ஓரத்திலும் இருக்கும் கருக்கை அரிவாளால் முழுதும் சீவிவிட வேண்டும். ஒரு பல் விட்டாலும் உங்கள் கையையும் கிழிக்கும், பறவையின் காலையும் கிழிக்கும். சீவிய இடத்தைக் கரடுமுரடான கல்லில் தேய்த்து மழுக்குங்கள். அடியில் ஆணியால் அரை அடிக்கு ஒரு துளை, மழைநீர் வடிய. இரண்டு முனையிலும் மண்ணோ சிரட்டைத் துண்டோ வைத்து அடைத்து, பனைநாரால் கொம்பில் படுக்கையாகக் கட்டுங்கள்.

நீளவாக்கில் இருப்பதால் பத்துச் சில்லைகள் வரிசையாக உட்காரும். வட்டத்தட்டில் ஒரு மைனா நடுவில் நின்றுகொண்டு மற்ற எல்லாவற்றையும் விரட்டிவிடும்.

எறும்புக்கு: தாங்கு கம்பு நிற்கும் இடத்தைச் சுற்றி நீர்வளையம் வையுங்கள். முக்காலியானால் ஒவ்வொரு காலும் தண்ணீர் ஊற்றிய சிரட்டைக்குள் நிற்கட்டும், அந்தத் தண்ணீரையும் தினமும் மாற்றுங்கள். கிரீஸ், எண்ணெய் தடவுவது கூடவே கூடாது. இறகில் ஒட்டினால் பறவையால் அதை நீக்க முடியாது. பூனைக்கு: தாங்கு கம்பின் அடியில் உடைமுள் சுற்றி வைத்தால் ஏறாது. முள் பறவை இறங்கும் வழியில் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

8. கொம்பும் பின்புலமும்

இங்கிருந்துதான் படவேலை தொடங்குகிறது. தட்டில் தானியம் கொத்தும் பறவையின் படம் யாருக்கும் பிடிப்பதில்லை. தட்டுக்கு ஒரு முழம் தள்ளி ஒரு கொம்பு நட்டால், இறங்குமுன் அதில் உட்காரும். படம் அங்கே.

கொம்பு விரல் பருமன், 1 முதல் 2 செ.மீ. பட்டை உரியாத வேம்பு, பூவரசு, உடைமரச் சுள்ளி. புறாவுக்கும் வால்காக்கைக்கும் 3, 4 செ.மீ. பருமன் வேண்டும். ஒரே ஒரு கொம்பு வைப்பது நல்லது. நாலைந்து வைத்தால் எதில் உட்காரும் என்று தெரியாமல் நீங்கள் லென்ஸை அலையவிட்டுக்கொண்டிருப்பீர்கள். வாரம் ஒருமுறை மாற்றுங்கள், எச்சம் படிந்த கொம்பு படத்தில் அசிங்கமாகத் தெரியும்.

கொம்புக்குப் பின்னால் குறைந்தது 4 மீட்டர் வெற்றிடம் வேண்டும். மதில் சுவர் ஒரு மீட்டரில் இருந்தால் அதன் காரைவெடிப்பும் கொடியில் காயும் துணியும் துல்லியமாக விழும். 5 மீட்டர் தள்ளி ஒரு வாழைக்கூட்டம் இருந்தால் பச்சை வழவழவென்று கரைந்துவிடும். தட்டு வைத்த இடத்தில் பின்புலம் சரியில்லை என்றால், தட்டை ஒரு நாளைக்கு அரை மீட்டர் வீதம் நகர்த்துங்கள். ஒரே நாளில் தூக்கி மாற்றினால் பறவைகள் ஒரு வாரம் ஒதுங்கிவிடும்.

பக்கத்து வளவுக் கிணற்றடியும் குளியலறையும் கேமராவின் பார்வைக்குள் வரவே கூடாது. பக்கத்து ஆச்சியைக் கூப்பிட்டு, கேமரா வழியாக என்ன தெரிகிறது என்று காட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

9. மறைவு

வீட்டு ஜன்னலே நல்ல மறைவு. கண்ணாடியைத் திறந்து, அறை விளக்கை அணைத்து, கறுப்புத் துணியைத் தொங்கவிட்டு, லென்ஸ் அளவுக்கு மட்டும் வழி வையுங்கள். பின்னால் இன்னொரு ஜன்னல் திறந்திருந்தால் உங்கள் உருவம் நிழலாகத் தெரியும், அதையும் மூடுங்கள். மூடிய கண்ணாடி வழியாக எடுத்தால் கூர்மை கெடும்.

வெளியே என்றால் கிடுகுத் தட்டி அல்லது பச்சை நிழல்வலை, ஒன்றரை மீட்டர் உயரம். காற்றில் படபடக்காமல் நாலு பக்கமும் இழுத்துக் கட்ட வேண்டும், அசைவுதான் அவற்றை மிரட்டும். மறைவைக் கட்டிவிட்டு மூன்று நாள் சும்மா விட்டுவிடுங்கள். நாலாம் நாள் விடியுமுன், 5:45க்கு, உள்ளே போய் உட்காருங்கள். பறவைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது நுழைந்தால் மறைவுக்கு அர்த்தமே இல்லை.

லென்ஸின் உயரம் பறவையின் கண்ணுயரம். தட்டை 1 மீட்டர் உயரத்தில் வைக்கச் சொன்னதற்கு இது இன்னொரு காரணம், நாற்காலியில் உட்கார்ந்தாலே சரியாக இருக்கும். மாடியிலிருந்து கீழே பார்த்து எடுத்தால் முதுகும் தரையும்தான் கிடைக்கும்.

10. கேமரா அமைப்பு

ஏபிஎஸ்-சி சென்சார் (முழுச்சட்ட சென்சாரைவிடச் சிறியது) கேமராவும் 70-300 மி.மீ. ஜூம் லென்ஸும் போதும். 300 மி.மீ.யில் 5 மீட்டர் தூரத்தில் படச்சட்டத்துக்குள் விழும் அகலம் ஏறக்குறைய 35 செ.மீ. கொண்டைக்குருவி 20 செ.மீ., அழகாக உட்காரும். நீண்ட வாலோடு வால்காக்கை 50 செ.மீ. வரை போகும், அதற்கு 8 மீட்டராவது தள்ளிப் போங்கள். வால் அறுந்த படங்கள் பெரும்பாலும் நெருக்கத்தால் வருபவை.

உட்கார்ந்திருக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் 1/500. குளிக்கும்போது 1/1600, நீர்த்துளிகள் தனித்தனியாக நிற்கும். பறக்க எழும்பும்போது 1/2000க்கு மேல். லென்ஸ் துளை (அபெர்ச்சர்) f/5.6 அல்லது f/6.3. ஐஎஸ்ஓவை (ஒளிக்குக் கேமரா காட்டும் உணர்திறன்) தானியங்கியில் விட்டு உச்சவரம்பு 3200 வையுங்கள். ஆரம்பத்தில் ஐஎஸ்ஓ கூடிவிடுமோ என்று பயந்து ஷட்டர் வேகத்தைக் குறைப்பார்கள். புள்ளி விழுந்த படத்தைப் பிறகு கொஞ்சம் சரிசெய்யலாம், ஆடிப்போன படத்தை ஒன்றும் செய்ய முடியாது.

குவியப்புள்ளி ஒன்றே ஒன்று, கண்ணின் மேல். கண் மங்கினால் மற்றதெல்லாம் கூர்மையாக இருந்தும் பயனில்லை.

காக்காய், கரிச்சான், ஆண்குயில் சட்டத்தை நிறைத்தால் கேமரா கறுப்பைச் சாம்பலாக்கப் பார்க்கும். வெளிச்ச அளவை (எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்) -2/3 குறையுங்கள். அதே கரிச்சான் வெளுத்த வானத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தால் நேர்மாறு, +1 கூட்டுங்கள்.

கைப்பேசி மட்டும் இருந்தாலும் தாழ்வில்லை. சின்ன முக்காலியில் தட்டிலிருந்து அரை மீட்டரில் நிறுத்தி, ஒலியையெல்லாம் அணைத்து, விமானப் பயன்முறையில் போட்டு, காணொளி ஓடவிட்டுத் தள்ளிப் போய்விடுங்கள். இரண்டு மூன்று நாள் அதே இடத்தில் ஒரு கட்டையை வைத்துப் பழக்கியிருந்தால் பறவை கைப்பேசியைக் கண்டுகொள்ளாது. வெயில் படாமல் சிரட்டையோ அட்டையோ மறைப்பு வையுங்கள், சூடேறினால் தானாக நின்றுவிடும்.

ஃபிளாஷ் வேண்டாம். பறவைக் குரலைக் கைப்பேசியில் ஒலிக்கவிட்டு அழைப்பதும் வேண்டாம். எதிரி வந்துவிட்டான் என்று கூட்டை விட்டு ஓடிவந்து அலையும்.

11. அணில், கீரி, மரநாய்

அணிலை விரட்டி ஜெயித்தவர்கள் இல்லை. தனியாக, பறவைத் தட்டுக்கு 5 மீட்டர் தள்ளி, உப்பில்லாத பச்சை நிலக்கடலை நாலைந்து வையுங்கள். அதைப் பிடித்து உட்கார்ந்து கொறிக்கும்போது முகத்தை எடுக்க நிறைய நேரம் தரும்.

கீரிப்பிள்ளை பகலில் வரும். தரைத்தட்டே போதும், இரை வைக்க வேண்டாம். ஒரு முறை வந்த வேலியோர வழியிலேயே மறுபடி வரும், அந்த வழியை நோட்டில் குறித்துவையுங்கள். மரநாய் இரவில் வரும். பதநீர்க் கலயத்தையே தேடிப் போகிற பிராணி, பனையும் பழமரமும் உள்ள தோப்புகளில் எதிர்பார்க்கலாம்.

இவற்றுக்குத் தானியங்கிப் பொறிக்கேமரா ஏற்றது. 35 செ.மீ. உயரத்தில், தட்டிலிருந்து 3 மீட்டரில், வடக்கு நோக்கிக் கட்டுங்கள். அது உடம்புச் சூட்டுக்கும் சுற்றுப்புறச் சூட்டுக்கும் உள்ள வேறுபாட்டை வைத்து இயங்குவது. சித்திரை, வைகாசி மத்தியானத்தில் காற்றின் சூடே உடம்புச் சூட்டை நெருங்கிவிடும், கீரி முன்னால் நடந்து போனாலும் கேமரா விழிக்காது. பழுதென்று நினைத்துக் கடைக்குத் தூக்கிப் போகாதீர்கள். ஆடிக்காற்றில் இதற்கு நேர்மாறு: வெயிலில் சூடான இலை ஆடினால்கூட ஆயிரம் வெற்றுப் படம் எடுத்துவிடும். முன்னால் இருக்கும் புல்லையும் கிளையையும் வெட்டிவிடுங்கள்.

12. சுத்தமும் நோயும்

பல பறவைகள் ஒரே இடத்தில் வாய் வைத்தால் நோய் பரவும். 15 நாளுக்கு ஒருமுறை தட்டையும் மட்டையையும் தேய்த்துக் கழுவி, ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டு, வாசனை போகும்வரை அலசி, வெயிலில் நன்றாகக் காயவையுங்கள். இரண்டு ஜோடித் தட்டு இருந்தால் ஒன்று காயும்போது மற்றது வேலை செய்யும்.

புறாவின் கண்ணோரமோ அலகடியிலோ மருபோல் வீக்கம் தெரிந்தாலும், இறகை உப்பிக்கொண்டு பறக்காமல் உட்கார்ந்திருக்கும் பறவைகளைக் கண்டாலும், இரை, தண்ணீர் இரண்டையும் இரண்டு வாரத்துக்கு எடுத்துவிட வேண்டும். பட்டினி போடுகிறோமே என்று மனசு கேட்காது. அவை நம் தட்டை நம்பி மட்டும் வாழவில்லை, கலைந்து போனால் நோயும் கலையும். செத்த பறவையை வெறுங்கையால் தொடாதீர்கள்.

13. மாதத்துக்கு மாதம் மாறுவது

பங்குனி முதல் ஆனி வரை தண்ணீருக்குத்தான் கூட்டம். காலையில் மாற்றியதை மத்தியானம் 1 மணிக்கு மறுபடி நிரப்புங்கள். ஆடியில் மேல்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாக இறங்கும்போது தொங்கும் தட்டுகள் ஊஞ்சலாடும், எல்லாவற்றையும் கம்பில் இறுக்கிக் கட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த தானியம் ஒரே நாளில் பூஞ்சை பிடிக்கும், கூரைக்கடியில் மட்டும் பாதி அளவு வைக்கலாம், இல்லையேல் நிறுத்திவிடலாம். மார்கழி, தையில் வலசைப் பறவைகளும் சேர்ந்திருக்கும், வெளிச்சமும் மென்மை. பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்கு வீட்டு வாசலிலேயே 15 நிமிடம் எண்ணி, பறவைப் பதிவுகளுக்கான இபேர்ட் (eBird) இணையதளத்தில் பதிந்தால் போதும், உங்கள் நோட்டு அங்கே பயன்படும்.

14. வளவுக்கு வெளியே

இதெல்லாம் வீட்டுக்கும் தோட்டத்துக்கும் மட்டும். களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்திலும், பாபநாசம், மணிமுத்தாறு மலைப்பாதைகளிலும் இரை வைக்கக் கூடாது. வனத்துறையின் தடை இருக்கிறது, தடைக்குக் காரணமும் இருக்கிறது. வண்டியிலிருந்து வீசிய பழத்துக்குப் பழகிய குரங்கு சாலையிலேயே உட்கார்ந்து அடிபடுகிறது. கூந்தன்குளத்தில் மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் ஊருக்குள் மரத்திலேயே கூடு கட்டுகின்றன. அங்கே கண்ணால் பாருங்கள், நீண்ட லென்ஸில் எடுங்கள், மரத்தடிக்குப் போய் நிற்காதீர்கள். குஞ்சு மிரண்டு கீழே விழுந்தால் திரும்ப ஏற்ற முடியாது.

கூடு எங்கே கண்டாலும், உங்கள் வளவிலேயானாலும், கிளையை விலக்கிப் படமெடுக்க வேண்டாம். விலக்கிய கிளைவழியே காக்காய் பார்த்துவிடும். பச்சைக்கிளி தினமும் தட்டுக்கு வந்து பழகிவிட்டது, கூண்டில் வைத்துக்கொள்ளலாமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். நாளைக் காலை 6 மணிக்கு அது தானாகவே கொய்யாவுக்கு வரும் என்று காட்டிக்கொடுங்கள்.